நெல்லுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே கூரை

நான் பிறந்தது ஆற்றுக்கு அந்தக் கரை, வாக்கப்பட்டது இந்தக் கரை. இந்தக் கரைக்குக் கலெக்டர் ஆபீஸ் தஞ்சாவூரில். அந்தக் கரைக்கு அப்போது நாகப்பட்டினம், இப்போது மயிலாடுதுறை. என்னைப் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கொஞ்சமாவது நிலம் இருக்கிறதா, குடிப்பாரா என்றெல்லாம் விசாரித்தார்கள். எந்த மாவட்டம், எந்த ஒன்றியம், அந்த ஒன்றியத்தில் பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரித்துப் பெண் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. இருந்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது.

என் அண்ணன் இன்னும் அந்தக் கரையில்தான் இருக்கிறான். அவன் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. இரண்டு ஊரிலும் இருப்பது ஒன்றிய நடுநிலைப் பள்ளிதான். ஒரே பாடப்புத்தகம், ஒரே நிறச் சீருடை, காலையில் ஒரே உப்புமா. மழை மட்டும் கரைக்குக் கரை வேறாகப் பெய்யும் போலிருக்கிறது. ஐப்பசியில் விடாமல் ஊற்றும் நாட்களில் டிவியின் அடியில் ஓடும் எழுத்தில் எங்கள் மாவட்டத்துக்கு விடுமுறை என்று வரும், அண்ணன் மாவட்டத்தின் பெயர் இருக்காது. அடுத்த வாரம் தலைகீழாக வரும். நான் போன் பண்ணி, அங்கே மழை இல்லையா என்று கேட்பேன். ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம் எனக்குப் போனிலேயே கேட்கும்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது கட்டட விஷயம்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் நல்ல கட்டடம் இருக்கிறது. ஆறு, ஏழு, எட்டு மூன்றும் பழைய ஓட்டுக் கட்டடத்தில் நடந்தன. பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அதையும் இடித்தார்கள். இடித்தது சரிதான், சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் காரை. ஜேசிபி வந்து ஒரு காலைப் பொழுதில் வேலையை முடித்துவிட்டது. புதுக் கட்டடம் எப்போது என்று கேட்டதற்கு, வரும் என்றார்கள். அந்தப் பதிலோடு சண்டை போடவும் முடியவில்லை.

மூன்று வகுப்பையும் எங்கே உட்கார வைப்பது? ஊரில் பெரிய கூரை என்று இருப்பது நெல் கொள்முதல் நிலையம் ஒன்றுதான். விவசாயிகள் கொண்டு வரும் நெல்லை அரசாங்கம் எடை போட்டு எடுத்துக்கொள்ளும் இடம். அறுவடை மாதங்களில் அங்கே நிற்க இடம் இருக்காது, மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். சாவியை வாங்கிக் கூட்டிப் பெருக்கி, சாக்கு அடுக்கும் மேடைக்கு மேல் கரும்பலகையைச் சாய்த்து, மூன்று வகுப்பும் மூன்று மூலையில் உட்கார்ந்தன. எத்தனை முறை பெருக்கினாலும் நெல் சுணை போகவில்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்த என் மகள் சாயங்காலம் வந்ததும் முதுகைச் சொறிந்துகொண்டே வீட்டுப்பாடம் எழுதுவாள்.

குறுவை அறுப்பு வந்ததும் அந்த இடமும் போயிற்று. டிராக்டர்கள் வரிசையில் நின்றன. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து சத்துணவுக் கூடத்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். அந்த வரிசையில் எங்கள் நெல்லும் இருந்தது. எங்கள் மாமனார் காலத்தில் அடுத்தவர் வயலில் அறுத்துக் கூலி நெல் வாங்கிய குடும்பம் இது, இன்றைக்குச் சொந்த நெல்லைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறோம். அதில் எனக்குப் பெருமை உண்டு. பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்னால், வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது, இன்னும் கரும்பலகையை எடுக்காமல் என்ன பண்ணுகிறார்கள் என்று முதலில் கத்தியவளும் நான்தான். கத்திய பிறகுதான், அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் என் மகள் என்பது உறைத்தது. அன்றைக்கு யார் பக்கம் நின்று பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

சம்பா அறுப்பில் இன்னும் மோசம். தை பிறந்து நிலையத்துக்குப் போன நெல் மாசி முடிந்தும் லாரி ஏறவில்லை. அத்தனை நாளும் மூன்று வகுப்பும் வராந்தாவில் ஒன்றாகக் கத்திப் படித்தன. கணக்கு டீச்சரையும் பாதி வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே ஆளே இல்லையாம். இப்படியே போனால் இந்த மூன்று வகுப்பையும் வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். சேர்த்தால் பிள்ளைகள் எங்கே போவது? அண்ணன் ஊர்ப் பள்ளி கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஆனால் ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில்தான் மணலில் இறங்கி நடக்க முடியும், அந்த மாதங்களில் பள்ளிக்கூடமும் பாதி விடுமுறை. மேட்டூரில் திறந்துவிட்டால் சாலைப் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும், பஸ் பள்ளி நேரத்துக்கு வராது. சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்க வசதி உள்ள பிள்ளை படிக்கும். மற்றதெல்லாம் ஐந்தாம் வகுப்போடு நிற்குமோ, என்ன ஆகுமோ.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆக்கினார்கள். அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற அம்மாதான் தலைவியாக இருக்கலாம் என்று விதி. சத்தமாகப் பேசுகிறவள் என்பது என் தகுதி. கட்டடம் வாங்காமல் விடமாட்டேன் என்று கூட்டத்தில் சொன்னேன், கை தட்டினார்கள். யாரிடம் போய் வாங்குவது என்று அப்போது எனக்குத் தெரியாது, இப்போதும் முழுசாகத் தெரியாது.

கோடை விடுமுறை முடிந்து, அடுத்த படிப்பு வருஷத்துக்குப் பள்ளி திறந்த கையோடு அண்ணன் ஊரில் கல்விச் சீர் நடத்தினார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தாய்மாமன் சீர் கொண்டு வருவது போல ஊரே மேளதாளத்தோடு தட்டு ஏந்தி, பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய பொருளைச் சீராகக் கொண்டு போய்க் கொடுப்பது. நாற்காலி, மின்விசிறி, பீரோ, புத்தகம், தண்ணீர்க் குடம், முன்னால் பழத்தட்டும் வெற்றிலை பாக்கும். வெளிநாட்டில் இருக்கிற பையன்கள் அனுப்பியதில் அண்ணன் ஊர்ச் சீர் தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று. அதைப் பார்த்த அதிகாரிகள், ஊர் மக்கள் இவ்வளவு பங்கு போட்டிருக்கிறார்கள், அரசாங்கம் மீதியைப் போட வேண்டாமா என்று சொல்லி, இரண்டு வகுப்பறைக்கு அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டார்களாம். அண்ணன் சொல்லும்போதே எனக்குப் பொறாமையில் காது சிவந்தது. சீர் கொடுத்தால் கட்டடம் வரும் என்று நான் புரிந்துகொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே புரிந்துகொள்வார்கள்?

சுதந்திர தினத்துக்கு எங்கள் ஊரிலும் சீர் என்று முடிவு பண்ணினோம். மகளிர் குழுவில் பேசி, வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்ததில் நோட்டுகள், வாளிகள், ஒரு சுவர்க் கடிகாரம், இரண்டு மின்விசிறி, பழங்கள் என்று வந்தது. முதல் நாள் வந்து பார்த்த அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமா, நாளைக்கு என் ஊர்க்காரன் பார்த்தால் தங்கச்சி ஊர் என்று எப்படிச் சொல்வேன் என்று கேட்டான். மறுநாள் விடிந்ததும் அவன் லோடு ஆட்டோ வந்து நின்றது. அவன் நண்பரின் கல்யாண மண்டபத்திலிருந்து பெஞ்சும் மேஜையும், அவன் வீட்டுப் பெரிய டிவி, ஒரு ஸ்டீல் பீரோ.

எல்லாம் இரவல். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் கல்யாணச் சீரில் சபை குறைவாகத் தெரிந்தால் பங்காளி வீட்டு அண்டாவும் குத்துவிளக்கும் வந்து வரிசையில் உட்காரும். எது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். விருந்து முடிந்ததும் அதது அதன் வீட்டுக்குப் போய்விடும். சபை நிறைய வேண்டும், அவ்வளவுதான். அதே கணக்கில்தான் டிவியும் பெஞ்சும் வந்தன. டிவிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

விழாவுக்கு வந்திருந்த வட்டாரக் கல்வி அதிகாரி வெளியூர்க்காரர், நல்ல மனிதர். கல்யாணத்தில் இரவல் வைக்கிற பழக்கத்தை அவர் எங்கே கண்டார்? மேடையில் ஏறி, இந்த ஊர் மக்களின் கொடையைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது என்று பேசினார். அவர் கூட வந்தவர் ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுத்து அங்கேயே போனில் பள்ளிக் கணக்கில் ஏற்றினார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மாலை போட்ட சபையில் எழுந்து நின்று, ஐயா இது எங்கள் அண்ணன் வீட்டு டிவி என்று எந்த வாயால் சொல்வது? மேளக்காரர்கள் வேறு ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

கொஞ்ச நாளில், கட்டடம் கிடைக்கும் பள்ளிகள் எவை என்று தெரிந்தது. எங்கள் பள்ளி இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு, எங்களைவிடப் பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கு, வந்திருந்தது. நானும் டீச்சரும் வட்டார அலுவலகத்துக்குப் பஸ் ஏறினோம். தலைமை ஆசிரியையை ஊரில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அதிகாரி எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். வசதி குறைந்த பள்ளிக்கு முதலில் என்பது இந்த வருஷ ஏற்பாடு. எங்கள் பள்ளிக்கு உட்கார இடம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, டிவி இருக்கிறது, ஊர் மக்கள் ஆதரவு இருக்கிறது. இவ்வளவு உள்ள பள்ளி அடுத்த கட்டத்துக்குக் காத்திருக்கலாம்.

அப்படியென்றால் எங்கள் அண்ணன் ஊரில் சீர் கொடுத்ததற்குத்தானே கட்டடம் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அது வேறு மாவட்டம், வேறு திட்டம், அங்கே ஊராட்சி வழியாகப் பணம் வருகிறது, இங்கே கல்வித் துறை வழியாக வருகிறது என்று அவர் விளக்கினார். ஒரு தாளில் கோடு போட்டுக்கூடக் காட்டினார். கேட்கும்போது எல்லாம் புரிந்தது. பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஒன்றும் புரியவில்லை. ஒரே ஆற்றுத் தண்ணீரில் விளைகிற இரண்டு ஊர், அங்கே கொடுத்தால் கூடக் கொடுக்கிறார்கள், இங்கே கொடுத்தால் கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இதில் எது சட்டம், எது விதிவிலக்கு என்று டீச்சரிடம் கேட்டேன்.

திரும்பப் பஸ் ஏறுவதற்கு முன்னால், பொருளெல்லாம் இரவல் என்கிற உண்மையையும் சொல்லித்தான் பார்த்தோம். அதிகாரிக்கும் குழப்பமாகிவிட்டது.

"இப்ப நான் என்னம்மா எழுதட்டும்? பள்ளிக்கூடத்துக்குன்னு ஏத்தின பொருள் இல்லன்னு எழுதினா, அது எங்க போச்சுன்னு டீச்சரத்தான் கேப்பாங்க. நீங்க சொல்றது நெசந்தான், ஆனா அந்த நெசத்துல மாட்டுறது அவங்க."

டீச்சர் பணி ஓய்வுக்கு அதிக நாள் இல்லாதவர். வேண்டாங்க, விட்டுடுங்க என்று நான் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது?

விஷயம் தெரிந்ததும் அண்ணன் டிவியையும் பீரோவையும் திருப்பிக் கேட்கவில்லை. மண்டபத்துக்காரரிடமும் பேசி பெஞ்சுகளை அங்கேயே விட்டுவிட்டான். சீர் என்று வைத்ததைத் திருப்பி எடுக்கக்கூடாது, நீ ஒன்றும் மனசில் வைக்காதே என்றான். அண்ணி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆக, பொய்யாகக் கணக்கில் ஏறியதெல்லாம் நிஜமாகிவிட்டது. இனிமேல் அதிகாரியிடம் போய் மறுத்துச் சொல்லக்கூட எங்களிடம் ஒன்றும் இல்லை. கூரை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் உள்ள பள்ளிக்கூடம் ஆகிவிட்டோம்.

காலாண்டு விடுமுறை முடிவதற்குள் குறுவை அறுப்பு வந்துவிட்டது. நிலையத்தில் நெல் இறங்கியது. டிவியைச் சாக்குப் போட்டுச் சுற்றிக் கட்டி வைத்தார்கள். பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட இடமில்லாமல் அதன் மேலேயே மூட்டை அடுக்கினார்கள், பீரோ மூட்டைகளுக்கு நடுவில் பாதி தெரிந்தது. ஏழாம் வகுப்பான என் மகள் மறுபடியும் வராந்தாவுக்குப் போனாள். அவள் அழுகிற பெண் இல்லை. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"அம்மா, நான் மாமா வீட்டுலயே இருந்து படிக்கட்டுமா? இங்க டீச்சர் சொல்றது காதுலயே விழ மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் மேல் இல்லை, நிச்சயமாக. மழைக்குப் பயந்து நெல்லை இறக்கிய என் வீட்டுக்காரர் மேலும் இல்லை, நான்தான் அவரை விரட்டினேன். அதிகாரி மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அவர் வாங்கிக் கொடுத்த டீ ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அரிசி களைந்த தண்ணீரை இரண்டு தடவை அடுப்பிலேயே கொட்டினேன்.

அண்ணனிடம் கேட்டபோது, இதைக் கேட்க வேண்டுமா, அது அவள் வீடு இல்லையா என்றான். அவன் ஊர்ப் புது வகுப்பறையில் வெள்ளை டைல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அறிவியலுக்குத் தனி அறை இருக்கிறது, எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வில் பிள்ளைகள் பாஸ் பண்ணுகிறார்கள். என் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி, அவளுக்கு அது வேண்டும். அவள் போய்விட்டால் அவளைப் பார்த்து, அந்தக் கரையில் மாமனோ சித்தியோ உள்ள இன்னும் சில பிள்ளைகள் போகும். போகிற இடம் இல்லாத பிள்ளைகள் மட்டும் வராந்தாவில் மிஞ்சும். அவர்களைக் காட்டிக் கட்டடம் கேட்டால், இவ்வளவு பேருக்கு எதற்குக் கட்டடம் என்பார்கள். மகளை வைத்துக்கொண்டு கேட்டாலும் வரவில்லை, அனுப்பிவிட்டுக் கேட்டாலும் வராது. இதை எந்தப் பக்கத்திலிருந்து யோசித்தாலும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றேன்.

கடைசியில் அவளை அனுப்புவது என்று முடிவு பண்ணினோம். முடிவு பண்ணினோம் என்று எழுதுகிறேன், உண்மையில் அவள் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள், நான் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம். அன்றைக்கே டிசி வாங்கவும் வருகிறேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், சொல்லவில்லை. வராந்தாவில் மூன்று வகுப்பும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. கூட்டத்துக்கு வந்த அம்மாக்கள் கட்டடம் கேட்டு இன்னொரு முறை மேலே எழுதலாம் என்றார்கள். அவர்களில் இருவருக்கு அந்தக் கரையில் யாரும் கிடையாது. என் மகள் போகிற விஷயம் அவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் என் முகத்தைப் பார்த்து, நீங்க எழுதிக் குடுங்கக்கா என்றார்கள்.

அவர்கள் போன பிறகு டீச்சர் இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். ஒன்று கட்டடம் கேட்டுக் குழு போட்ட தீர்மானம், அதில் தலைவி கையெழுத்து வேண்டும். இன்னொன்று மாற்றுச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம், அதில் பெற்றோர் கையெழுத்து. எதில் முதலில் போடுவது என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன், கை சும்மா இருக்க முடியாமல்.

"தீர்மானத்துல போட்டுடுங்க," என்றார் டீச்சர். "டிசி பேப்பர்ல முதல்ல போட்டுட்டீங்கன்னா அப்பறம் நீங்க தலைவி இல்லீங்க. இது செல்லாமப் போயிடும்."

எங்கள் பிள்ளைகள் இந்த ஊரிலேயே படிக்க, என்று தொடங்கியிருந்த தாளில் தலைவி என்ற இடத்தில் போட்டேன். டீச்சர் அதை எடுத்து ஈரம் காய ஊதினார். பிறகு நான் அடுத்த தாளை என் பக்கம் இழுத்து, தாய் என்று போட்டிருந்த இடத்தில் அதே பேனாவால் அதே கையெழுத்தைப் போட்டேன்.